படம் வருமுன் கேட்ட பாட்டு



'அன்னக்கிளி' 1976 மே மாதம் வெளியானது. 1980 தீபாவளியை ஒட்டி வந்த 'மூடுபனி' இளையராஜாவின் நூறாவது படம். இடைப்பட்டவை நான்கரை ஆண்டுகள்தான். அந்த நான்கரை ஆண்டுப் பாட்டுகளில் முதலிடம் எதற்கு என்ற வழக்கு கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்திலும் எழும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் எழும். 'அன்னக்கிளி'க் கட்சிக்காரர் அசையமாட்டார். 'ஜானி'க்காரர் விட்டுக்கொடுக்கமாட்டார். 'பிரியா'வை முதன்முதல் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செற்றில் கேட்டவர் மற்ற எதையும் ஏற்கமாட்டார்.

இந்த வழக்கை இன்று ஒரு மேடையில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. கொழும்புக்காரர் இந்தப் பாட்டுகளைக் கேட்ட விதம் வேறு, சென்னைக்காரர் கேட்ட விதம் வேறு. இங்கே பாட்டு முதலில் வந்தது. படம் பிறகு வந்தது, சிலவேளை வரவேயில்லை. திரையில் யார் வாயசைத்தார், எந்த மலையில் ஓடினார் என்று தெரியாமலே இந்த ஊர் ஒரு பாட்டை எடைபோட்டது. அப்படிப் போட்ட எடைக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

ஆரம்பகாலமா, பிற்காலமா என்ற சண்டை உலகெங்கும் உள்ளது. லண்டனின் பிங்க் ஃப்ளொய்ட் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மனமயக்க றொக் இசை என்று ஒரு வகை பிறந்த காலத்தில் அதன் முன்வரிசையில் நின்ற குழு அது. முதல் தொகுப்பு 1967 ஓகஸ்ட்டில் வந்தது. பீற்றில்ஸ் குழு தன் புகழ்பெற்ற 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்பைப் பதிவுசெய்துகொண்டிருந்த அதே அபி றோட் கலையகத்தில், அதே மாதங்களில் பதிவானது அது. அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய சிட் பரெற் அடுத்த ஆண்டே குழுவை விட்டு விலகினார். 1971 இல் வந்த 'மெடில்' தொகுப்பின் இரண்டாம் பக்கம் முழுவதையும், இருபத்துமூன்று நிமிடங்களுக்கு மேல், ஒரே பாடல் நிரப்பியது. 1973 இல் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' வந்து உலகைப் பிடித்தது. பரெற் இருந்த குழுதான் உண்மையான குழு என்பவர்கள் ஒரு பக்கம். 'மெடில்'தான் அவர்கள் தம்மைக் கண்டுகொண்ட இடம் என்பவர்கள் மறுபக்கம். அரை நூற்றாண்டு கடந்தும் இரு தரப்பும் ஓயவில்லை.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1967 தொடக்கம் 1973 வரை பிங்க் ஃப்ளொய்ட் வெளியிட்ட தொகுப்புகள் எட்டு. பெரும்பாலானவற்றை அவர்களே ஒரு முழுப் படைப்பாக அடுக்கினார்கள். இளையராஜாவுக்கு அந்த வசதி இல்லை. கதை இன்னொருவருடையது, காட்சி இன்னொருவருடையது, பாட்டு எங்கே வரவேண்டும் என்பதும் இன்னொருவர் முடிவு. நான்கரை ஆண்டில் நூறு படம். அப்படியிருந்தும் ஒரு படத்தின் நான்கைந்து பாட்டுகள் சேர்ந்து ஒரு முழுமையாக நின்றன என்றால், அது எந்தெந்தப் படத்தில் நின்றது என்று கேட்பது நியாயமான கேள்வி.

இனி, கொழும்பு எப்படிக் கேட்டது என்பதற்கு வருவோம்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. 1957 ஒக்டோபரில் விவித்பாரதி தொடங்கும்வரை இந்தியாவில் சினிமாப் பாட்டுக்கு ஏங்கியவர்கள் கொழும்பு அலைவரிசையைத்தான் திருப்பினார்கள். விவித்பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டுக்காரர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சென்னையில் இசைத்தட்டு வெளியானால் ஒரு பிரதி கொழும்புக்கு அனுப்பிவைப்பதில் தயாரிப்பாளர்கள் அக்கறை காட்டினார்கள். கொழும்பு ஏழில் உள்ள வானொலி நிலையத்தில் சுழலும் தட்டுத்தான் மதுரையிலும் திருச்சியிலும் படத்துக்குக் கூட்டம் சேர்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எஸ்.பி. மயில்வாகனனார் காலத்தில் பிடித்த அந்தச் செல்வாக்கு, இளையராஜா வந்தபோது கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களில் உச்சத்தில் இருந்தது.

அந்த அறிவிப்பாளர்கள் செய்த ஒரு காரியத்தை எத்தனை முறை நன்றியோடு சொன்னாலும் தகும். பாட்டுக்கு முன்னே பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாவற்றையும் சொன்னார்கள். ஜென்சி யார், சசிரேகா யார் என்று முகம் பார்க்காமலே இந்த ஊருக்குத் தெரிந்தது. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் பாடலாசிரியர் பெயரையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்தார்கள். 'நேயர் விருப்ப'த்துக்குத் தபாலட்டை எழுதியவர்கள் பாட்டோடு ஒரு கட்சியையும் எழுதி அனுப்பினார்கள் என்றே சொல்லலாம். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' அதை மேடைக்கே கொண்டுவந்தது.

படத்தின் நிலை என்ன? 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியதும் வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமை அதன் கைக்குப் போனது. இந்தியப் படங்கள் எண்ணிக்கையிலும் குறைந்தன, காலத்திலும் பிந்தின. சென்னையில் ஓடி முடிந்து நெடுநாளான படத்தைத்தான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனை செல்லமஹாலிலும் 'புதுப்படம்' என்று வரிசையில் நின்று பார்த்தார்கள். அதற்குள் பாட்டு அவர்களுக்குப் பழையதாகியிருக்கும். தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததே 1979 இல்தான். வீடியோ 'டெக்' வாடகைக்கு எடுத்துக் கூட்டமாக இருந்து படம் பார்க்கும் பழக்கம் அதற்கும் பிந்தியது.

இன்னொரு தற்செயலும் சேர்ந்தது. 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிப்போயிருந்த காலம். இசைத்தட்டும் அரிது, அதைப் போடும் பெட்டியும் அரிது. 1977 இல் ஆட்சி மாறி, பொருளாதாரம் திறக்கப்பட்டதும் றேடியோ கசெற் பெட்டிகள் கடைகளில் நிறைந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தோளில் சுமந்து வந்ததும் அதைத்தான். '16 வயதினிலே' வெளியானது 1977 செப்டெம்பரில். அதாவது இளையராஜா எழுந்த ஆண்டுகளும் கொழும்புத் தமிழ் வீடுகளுக்குள் கசெற் நுழைந்த ஆண்டுகளும் ஒன்றே. வானொலியில் எப்போது வருமென்று காத்திருந்த பாட்டை இனி வேண்டிய நேரத்தில் திருப்பித் திருப்பிக் கேட்கலாம். ஒரு பாட்டை முப்பது தடவை கேட்டவனுக்குத்தான் அதன் அடியில் ஓடும் பேஸ் கிற்றார் காதில் விழும். இளையராஜாவின் இசை அப்படிக் கேட்கப்படுவதற்கென்றே அமைந்திருந்தது.

கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் வந்தன. ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் அறுபது நிமிடக் கசெற்றிலோ தொண்ணூறு நிமிடக் கசெற்றிலோ அடித்துத் தருவார்கள். இங்கேதான் வழக்கு கூர்மையடைந்தது. அறுபது நிமிடக் கசெற் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். எந்தப் படத்தின் பாட்டை முழுவதுமாக எழுதுவது, எந்தப் படத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பது? ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிட முடியாத படம் எது? காசு கொடுத்துப் பதிபவர் எடுக்கும் முடிவு வாய்ப்பேச்சைவிட நேர்மையானது.

இப்போது சாட்சிகளைப் பார்ப்போம்.

'அன்னக்கிளி'யின் இடம் வரலாற்று இடம். பஞ்சு அருணாசலம் நம்பிக் கொண்டுவந்த புதியவர், பண்ணைப்புரத்து நாட்டார் மெட்டை எஸ். ஜானகியின் குரலில் வைத்தார். ஆனால் அந்தத் தொகுப்பில் டி.எம். சௌந்தரராஜனும் இருக்கிறார், பி. சுசீலாவும் இருக்கிறார். முந்தைய காலத்தின் வாசலில் நின்றுகொண்டு அடுத்த காலத்துக்குள் எட்டிப் பார்க்கும் இசை அது. '16 வயதினிலே'யில் அந்தத் தயக்கம் இல்லை. கங்கை அமரன் எழுதிய 'செந்தூரப் பூவே', அதைப் பாடிய ஜானகிக்கு முதல் தேசிய விருதைக் கொடுத்தது. அதே ஆண்டின் 'கவிக்குயி'லில் பாலமுரளிகிருஷ்ணா ரீதிகௌளையில் பாடினார். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் சரஸ்வதி மண்டபத்திலும் கச்சேரி கேட்டு வளர்ந்த வெள்ளவத்தைப் பெரியவர்கள் சினிமாப் பாட்டுக்கு முதன்முதல் தலையாட்டியது அந்த ஒன்றுக்காகத்தான் இருக்கவேண்டும்.

அதே 1977 இல் ஒரு சம்பவம் நடந்தது. கொழும்புக்காரர் அதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற தாளத்திலிருந்து வளர்ந்தது பைலா. அதை வொலி பஸ்டியன்ஸ் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரோடு பொப் பாட்டுப் பாடி ஊரை ஆடவைத்தார்கள். மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. இந்தப் பக்கத்துத் தெருப்பாட்டு அந்தப் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த நேரம் அது. அந்தப் படத்தை ஆரம்பகாலச் சிறந்தவற்றில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்கத் தேவையுமில்லை. ஆனால் கொழும்பு வெறுமனே வாங்கிக் கேட்ட ஊர் என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1978 ஐ ஒரு தனி உரையாகவே பேசலாம். 'முள்ளும் மலரும்', 'கிழக்கே போகும் ரயில்', 'இளமை ஊஞ்சலாடுகிறது', 'சிகப்பு ரோஜாக்கள்', 'அவள் அப்படித்தான்', 'பிரியா' எல்லாம் ஒரே ஆண்டு. றொக் இசை கேட்ட பிள்ளைகளை இளையராஜா பக்கம் இழுத்தது இந்த ஆண்டுதான். 'சிகப்பு ரோஜாக்க'ளில் பாட்டு இரண்டே இரண்டு. சொல்லில்லாத குரலொலிகளும் கிற்றாரும் சேர்ந்து காதலையும் அச்சத்தையும் ஒன்றாகக் கலக்கின்றன. பிங்க் ஃப்ளொய்டின் முதல் தொகுப்பில் கிடைக்கும் அந்த மயக்கத்துக்குத் தமிழில் மிக அருகில் நிற்பது இது என்று சொன்னால் மிகையாகாது. 'அவள் அப்படித்தா'னில் மூன்று பாட்டு. அவற்றில் ஜேசுதாஸ் பாடியது பியானோவும் பேஸும் தாங்க மெல்ல நகர்வது. 'பிரியா' ஸ்டீரியோ முறையில் பதிவானது. இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு ஒன்றுமாகத் தமிழ்ப் பாட்டைக் கேட்ட புதுமை அது. அந்தப் புதுமையை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் 'பிரியா'வின் எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை.

கொட்டாஞ்சேனையின் காது எப்படிப் பழகியிருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். புனித லூசியா பேராலயத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு பிள்ளை, பாடகர் குழுவில் நின்று பல குரல்கள் வெவ்வேறு வழியில் போய் ஓரிடத்தில் சேர்வதைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, அடிப்படையில் கிற்றார் கலைஞராக இருந்த இளையராஜா தன் இசைக்குள் வைத்ததும் அதே முறையைத்தான். கச்சேரி கேட்ட காது இராகத்தைப் பிடித்தது; கோவிலில் பாடிய காது பேஸ் கிற்றாரைப் பிடித்தது. வயலினில் வி.எஸ். நரசிம்மன், கிற்றாரில் சதானந்தம், தாளத்தில் புருஷோத்தமன், கீபோர்ட்டில் விஜி மனுவேல் என்று அவரைச் சுற்றி இருந்தவர்களை எந்தக் காதால் கேட்டாலும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தது. ஒரே பாட்டைப் பற்றி இருவர் சண்டையிடும்போது பல தடவை இருவரும் அதன் வெவ்வேறு பாதிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1980 க்கு வருவோம். முடிவு இந்த ஆண்டில்தான் இருக்கிறது.

ஓகஸ்ட்டில் 'ஜானி'. மகேந்திரன் இயக்கம். ஐந்து பாட்டு, ஐந்து குரல்: ஜென்சி, சுஜாதா, ஜானகி, எஸ்.பி. சைலஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியம். கதாநாயகியே ஒரு பாடகி என்பதால் பாட்டு கதையை நிறுத்துவதில்லை, கதையாகவே ஓடுகிறது. நவம்பரில் 'மூடுபனி'. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா இயக்குநராக இளையராஜாவோடு சேர்ந்த முதல் படம். ஜேசுதாஸின் குரலுக்குக் கீழே அந்தக் கிற்றார் ஓடும் பாட்டு ஒன்றுக்காகவே இன்றைக்கும் இளைஞர்கள் கிற்றார் வாங்குகிறார்கள். அதே தீபாவளிக்கு 'நிழல்கள்'. வேலையில்லாத இளைஞர்களைப் பற்றிப் பாரதிராஜா எடுத்தது. அதே நேரம், அதே வேலையின்மையைப் பற்றி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 'வறுமையின் நிறம் சிவப்பு' வந்து வெற்றி பெற்றது. 'நிழல்கள்' படமாகத் தோற்றது.

ஆனால் 'நிழல்க'ளின் பாட்டுகள்? நான்கு பாட்டு, நான்கு கவிஞர்: வாலி, பஞ்சு அருணாசலம், கங்கை அமரன், அன்றுதான் அறிமுகமான வைரமுத்து. தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய பாட்டில் வயலின் கூட்டம் விரிந்துகொண்டே போய், நடுவில் நாதஸ்வரம் வந்து கல்யாண வீட்டைக் கண்முன் நிறுத்துகிறது. வாலியின் பாட்டில் வேலை கேட்டு அலையும் ஒரு கலைஞனின் திமிர் முழுவதும் பாலசுப்பிரமணியத்தின் குரலில் பாய்கிறது. வைரமுத்துவின் முதல் பாட்டில் ஒரு சாயங்காலம் முழுவதும் இருக்கிறது. நான்காவது, ஜானகி பாடியது, படத்திலேயே இடம்பெறவில்லை. திரையில் வராத அந்தப் பாட்டு இன்றுவரை கேட்கப்படுகிறது.

இதைத்தான் கவனிக்கச் சொல்வது. 'ஜானி'யைக் கேட்கும்போது ஸ்ரீதேவியின் முகம் கூடவே வருகிறது. பாதிப் புகழை அந்த முகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 'நிழல்க'ளுக்கு அப்படி எந்தத் துணையும் இல்லை. படம் ஓடவில்லை. நட்சத்திரம் இல்லை. ஒரு பாட்டுக்குக் காட்சியே இல்லை. காது மட்டுமே நீதிபதி. படம் வருமுன் பாட்டைக் கேட்டுப் பழகிய கொழும்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகுப்பு வேறில்லை. அறுபது நிமிடக் கசெற்றில் ஒரு பாட்டையும் தள்ளாமல் எழுதிக் கொடுக்கக்கூடிய படம் இது. 'அன்னக்கிளி'யின் புதுமைக்கும் 1978 இன் துணிச்சலுக்கும் தலைவணங்கிவிட்டு, முதலிடத்தை 'நிழல்க'ளுக்கும் இரண்டாமிடத்தை 'ஜானி'க்கும் கொடுப்பதே இவ்வுரையின் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு வாசல் திறந்திருக்கிறது.

இந்த வழக்கின் ஆவணங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. ஹெந்தளையில் விஜயா கலையகம் படச்சுருள்களோடு எரிந்தது. வீடு எரிந்தால் அலுமாரியில் இருந்த கசெற்றும் எரிந்தது; பாட்டு எழுதிய கொப்பியும் எரிந்தது. உயிரும் உடைமையும் இழந்தவர்கள் பலர் யாழ்ப்பாணம் போனார்கள். பிறகு லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று போனார்கள். 2013 பெப்ரவரியில் ரொறன்ரோவில் இளையராஜாவின் நிகழ்ச்சிக்கு ஒரு விளையாட்டரங்கே தேவைப்பட்டது என்றால், அந்தக் கூட்டத்தில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காதுகள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிங்க் ஃப்ளொய்டின் ஆரம்பகாலப் பதிவுகளை, வெளிவராதவற்றையும் சேர்த்து, 2016 இல் இருபத்தேழு தட்டுகள் கொண்ட ஒரு பெரிய பெட்டியாக வெளியிட்டார்கள். எந்தப் பதிவு எப்போது, எங்கே என்ற விவரம் அதில் இருக்கிறது. அவர்களுடைய இரசிகர்கள் ஆதாரத்தை வைத்துக்கொண்டு சண்டையிடலாம். இளையராஜாவின் முதல் நூறு படங்களுக்கு அப்படி ஒரு பதிப்பு வேண்டும். யார் கிற்றார் வாசித்தார், எந்தத் தட்டில் எது இருந்தது, எந்தப் பாட்டு படத்தில் விடுபட்டது என்ற விவரங்களோடு வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வானொலியிலிருந்து வீட்டில் பதிந்த கசெற்றுகளில் பாட்டுக்கு முன்னே அறிவிப்பாளர் பேசியதும் சேர்ந்து பதிந்திருக்கும். கே.எஸ். ராஜாவின் குரல் அப்படித்தான் பல வீடுகளில் தங்கியிருக்கிறது. அவர் 1989 இல் கொல்லப்பட்டார். கசெற் நாடா நிரந்தரமானது அல்ல. கடல் காற்று அடிக்கும் வெள்ளவத்தையில் அது இன்னும் விரைவாகப் பூஞ்சணம் பிடிக்கும். பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். கசெற் அட்டையில் எழுதிய பாட்டு வரிசையைப் படம்பிடித்து வையுங்கள். வானொலிக்குத் தபாலட்டை எழுதியவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டு எழுதினீர்கள் என்று குறித்து வையுங்கள். 2005 இலிருந்து இலங்கைத் தமிழரின் எழுத்தையும் ஒலியையும் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திடம் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் தமிழ்ச் சங்கத்து நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். 'நிழல்க'ளுக்கு முதலிடம் கொடுத்தது பிழை என்று நினைப்பவர்கள் தங்கள் பழைய கசெற்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.